சுவரைப் பார்த்து நிற்கும் கரிக்காரன்

ஜூன் 4

கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல சேதிகள். சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நம் சின்னவன் மகள் குருவி, பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுதலில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். கோப்பையை வைக்க அலமாரியில் இடமில்லை. என் தையல் மிஷின் மேல் வைத்திருக்கிறேன். மிதிக்கும்போதெல்லாம் அது ஆடுகிறது, நான் நிறுத்தி நிறுத்தி அதைப் பார்த்துக்கொள்கிறேன், சீருடை தைத்து முடிக்கிற வேலை மெதுவாகத்தான் போகிறது. அவள் தம்பி இந்த வருஷம் கணக்கில் பாஸ். 'பாஸ்தானே' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், போன வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிற வீட்டுப் பெண், நம் பெரியவள் மகள் நர்சம்மா. கண் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கேட்டும் கிடைக்காத வேலை, இவளைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை உடுப்பு நான் தைத்து அனுப்பியது. தோளில் சரியாக உட்கார்ந்ததா என்று நீங்களாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் பேரப்பிள்ளைகளில் ஒன்றுகூட சோடை இல்லை. தெருவில் யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இனி சண்டை.

வாயால் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் நாக்கு நீளம், அதனால் கோபம் இருக்கிறவரை எழுத்துதான் என்று கல்யாணமான புதிதில் நீங்கள் போட்ட சட்டம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'டீ வேண்டும்' என்று எழுதி நீட்டியவர் நீங்கள். அதனால்தான் போன் பண்ணவில்லை. சின்னவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நான் உங்கள் பங்கரை, வேகனுக்குக் கரி கொட்டுகிற அந்தத் தொட்டியை, நகர்த்தவில்லை. நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, பின்னறையில் அந்தப் பெரிய பலகை மேல் உங்கள் பொம்மை ரயில் (சரி, மாதிரி ரயில்) ஓடிக்கொண்டிருந்தது. பங்கருக்கு அடியில் வேகனை நிறுத்தி மூடியைத் திறந்தீர்கள். கரி முழுக்க வேகனுக்கு வெளியே கொட்டி, இன்ஜின் அதில் ஏறிக் கவிழ்ந்தது. உடனே 'உன் துடைப்பம் பட்டுத்தான் பங்கர் நகர்ந்துபோச்சு' என்று கத்தினீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு, நர்சம்மா வேலையில் சேருவதைப் பார்க்கப் போகிறேன் என்று போனவர்தான். அவள் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டாள். நீங்கள் திரும்பவில்லை.

துடைப்பம் அந்த மேசையைத் தொட்டதே இல்லை. அதை நான் பெயிண்ட் பிரஷ்ஷால்தான் தூசு தட்டுகிறேன், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கொட்டின கரி அப்படியே கிடக்கிறதே என்று நேற்று எல்லாவற்றையும் அள்ளினேன். கையெல்லாம் மை. நீங்கள் நிஜ நிலக்கரியை இடித்துப் போட்டது அழகுதான், ஆனால் பாதி வெறும் தூள். அந்தத் தூள்தான் தண்டவாளத்தில் படிந்து இன்ஜினை நிற்க வைக்கிறது. டீ வடிகட்டியில் போட்டுச் சலித்து, குழாயடியில் கழுவி, பழைய துணியில் பரப்பிக் காயவைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆசிரியை எட்டிப் பார்த்து, 'என்னம்மா, கரியைக் கழுவுறீங்க? வெள்ளையாகிடுமா?' என்று கேட்டாள். 'பொறுத்துப் பாருங்க டீச்சர், அடுத்த தரம் சோப்பு போடலாம்னு இருக்கேன்' என்றேன்.

காய்ந்ததும் மணி மணியாக மின்னுகிறது. உங்களுக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று எழுதுவீர்கள், அதுவும் தெரியும்.

துடைப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதும்,
உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 11

கரியைக் கழுவிய மகராசிக்கு,

கடிதம் வந்தது. குருவிக்கு என் முத்தம். கணக்கில் பாஸானவனுக்கும் ஒன்று, போனால் போகிறது. நர்சம்மாவின் உடுப்பு தோளில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் அம்மா சொன்னாள்.

நீ செய்ததை ரயில்வே யார்டில் என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நிலக்கரியைக் கழுவுவதா? தூள் பறந்தால்தான் அது யார்டு. இல்லாவிட்டால் நகைக்கடை.

நான் அந்த நிஜ பங்கரின் பிடியைப் பிடித்து வேலை பார்த்தவன். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை வேகனுக்கு வெளியே ஒரு கூடைக் கரி விழுந்ததில்லை. 'குறிக்காரர்' என்றே எனக்குப் பேர். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில், சொந்தக் கையால் செய்த பங்கரில், மேசை முழுக்கக் கொட்டினேன் என்றால் யாரோ எதையோ நகர்த்தியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? யோசித்துப் பார். இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

பங்கரின் நாலு காலுக்கும் பலகையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பங்கர் அந்தக் கோட்டை விட்டு விலகியிருக்கும். திரும்பவும் கோட்டின் மேல் வைத்துவிடு. வேறு எதையும் தொடாதே. நான் செய்து வைத்த மலையைத் தொடவே தொடாதே. யார்டுக்குப் பின்னால் இருந்த சாம்பல் மேட்டின் நிறம் வர நான் எத்தனை தடவை பெயிண்ட் கலக்கினேன் என்று உனக்குத் தெரியும்.

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர், அதிகம் பேசுவதில்லை. அதுதான் நல்லது.

குறிக்காரன்


ஜூன் 17

குறிக்காரருக்கு,

நீங்கள் சொன்ன கோட்டை டார்ச் அடித்து, மூக்குக் கண்ணாடி போட்டு, பலகையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நாலு காலும் நாலு பென்சில் கோட்டுக்குள் நிற்கிறது. நூல் அளவு விலகவில்லை. அடியில் நீங்கள் விட்ட பசை கல்லாகக் காய்ந்திருக்கிறது. துடைப்பத்தை விடுங்கள், கடப்பாரை போட்டாலும் அது நகராது. என் தையல் டேப்பை வைத்தும் அளந்தாயிற்று.

பங்கர் நகரவில்லை என்றால், வேகன்தானே தள்ளி நின்றிருக்க வேண்டும்? நிறுத்தினது நீங்கள். நான் இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்களும் யோசித்துப் பாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எதையும் தொடாதே என்றீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் இரண்டு வேலை முடித்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் மொத்தமாகத் திட்டுங்கள்.

நீங்கள் செய்த அந்தப் பங்கருக்கு வாய் அகலம். கரி விழும்போது நாலு பக்கமும் தெறிக்கிறது. உங்கள் முட்டிக்குத் தடவும் களிம்பு டியூப் காலியாகிக் கிடந்தது. அதை வெட்டிப் பிரித்து, கழுவி, தகடாக்கி, கீழே குறுகலாகச் சுருட்டி வாய்க்கு அடியில் மாட்டினேன். மாட்டினது ஜாக்கெட் ஹூக்கால். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், உங்கள் பங்கருக்கு ஒரு கீறல் கிடையாது. இப்போது கரி ஒரே கோடாக இறங்குகிறது. கொஞ்சம் களிம்பு வாசனை அடிக்கிறது, அது போகப்போகச் சரியாகும்.

இரண்டாவது, பங்கருக்கு நேர் கீழே தண்டவாளத்தின் இரண்டு கட்டைக்கு நடுவில் பலகையில் ஊசித் துளை போட்டு, என் கொண்டை ஊசியை நிறுத்தினேன். அதில் ஒரு நூல் கட்டி மேசை ஓரத்துக்குக் கொண்டுவந்து பொத்தான் தைத்திருக்கிறேன். பொத்தானை இழுத்தால் ஊசி எழும்பும், வேகனின் அச்சு அதில் முட்டி 'டிக்' என்று நிற்கும். விட்டால் ஊசி இறங்கும், வண்டி போகும். முட்டுகிற இடம் பங்கரின் வாய்க்கு நேர் நடு.

பங்கர் பக்கத்தில் தட்டித் துடைக்கும்போது ஒன்று பார்த்தேன். கரி அள்ளுகிற கூலியாள் ஒருவனைப் பசை போட்டு நிறுத்தியிருக்கிறீர்களே, அரிசி மணியைவிடக் கொஞ்சம் உயரமாக, கையில் மண்வெட்டியோடு. அவன் கரியைப் பார்த்து நிற்கவில்லை. சுவரைப் பார்த்து நிற்கிறான், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி. வேண்டுமென்றே அப்படி நிறுத்தினீர்களா? மற்ற ஆட்களெல்லாம் சரியாகத்தான் நிற்கிறார்கள். அவர்கள் மூன்று வருஷத்துக்கு முன் நின்றவர்கள். இவன் இந்த வருஷம் வந்தவன்.

உங்கள் கடிதத்தில் மூன்றாம் வரி நாலாம் வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குருவிதான் பிரித்துப் படித்துச் சொன்னாள். 'தாத்தா ரயில்ல உக்காந்து எழுதினாரா பாட்டி?' என்றாள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 24

வீட்டுக்காரிக்கு,

பேனா சரியில்லை. இந்த வீட்டு முன்னறையில் பல்பும் சரியில்லை. மாப்பிள்ளையிடம் மாற்றச் சொன்னேன், மாற்றினார், அதுவும் சரியில்லை.

கூலியாளை நான்தான் அப்படி நிறுத்தினேன். களைத்துப்போய் சுவர் ஓரமாகச் சற்று நிற்கிறான். யார்டில் அப்படி நிற்பவர்கள் உண்டு.

கொண்டை ஊசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ரயில்வேயில் கொண்டை ஊசி போட்டு வண்டி நிறுத்துவதில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ கண் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இருந்தாலும் உன்னை எனக்குத் தெரியும். நேராகச் சொல்ல வேண்டியதைப் பக்கத்துத் தெருவழியாகக் கொண்டுவருவாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கிரேன்காரரை நினைவிருக்கிறதா? நம் வீட்டுக்கு வந்து எல்லாப் பலகாரத்தையும் தின்றுவிட்டு, டயட் என்று சொன்னவர். அவர் கண்ணில் புரை என்று கத்தி வைத்தார்கள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். எனக்கு மனிதர்கள் தெரிகிறார்கள், வாசல் தெரிகிறது, தட்டு தெரிகிறது. இருப்பது போதும். அதையும் எடுத்துக்கொண்டு போக நான் யாரையும் விடமாட்டேன். இந்தப் பேச்சை இதோடு விடு. நர்சம்மாவிடமும் ஓதி வைக்காதே.

மலையைத் தொட்டாயா?

அப்படிக்கு


ஜூன் 30

என்னங்க,

மலையைத் தொடவில்லை. சாம்பல் நிறம் நீங்கள் வைத்தபடியே இருக்கிறது.

விடு என்றீர்கள், விட்டேன். நர்சம்மாவுக்கும் ஒரு வார்த்தை எழுதவில்லை. குருவியின் கோப்பை மேல் சத்தியம்.

ஒரு சின்ன உதவி மட்டும். அந்தக் கூலியாள் என் கை பட்டுக் கழன்றுவிட்டான். என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன், இதற்குத் துடைப்பத்தைத் திட்ட வேண்டாம். திரும்ப ஒட்டலாம் என்றால் எப்படி நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. களைத்தவன், சுவர் ஓரமாகச் சற்று நிற்கிறவன் என்கிறீர்கள். அந்தச் சற்று எந்தப் பக்கம்? அதனால் அவனைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் படுக்க வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். முகம் இருக்கிற பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் புள்ளி வைத்த பக்கம் எதுவோ, அதை அப்படியே ஒட்டிவிடுகிறேன். எதிர்த்துப் பேசமாட்டேன்.

வேறு யாரிடமும் கொடுத்துக் கேட்க வேண்டாம். உங்கள் ஆள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இங்கே மழை பிடித்திருக்கிறது. பின்னறை ஜன்னலை மூடிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 8

என் வீட்டுக்காரிக்கு,

தீப்பெட்டி வந்தது. பெரியவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு அவனை வெளியே எடுத்தேன். முன்னறை ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் வைத்தேன். ஒரு கறுப்புத் துணுக்கு. அவ்வளவுதான் தெரிந்தது. திருப்பினேன். அதே துணுக்கு. விரலால் தடவினேன், மண்வெட்டி குத்தியது, மூக்கு அகப்படவில்லை. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் பார்த்தால் பனிக்குள் நிற்கிறவன் மாதிரி இன்னும் மோசம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, எல்லா விதத்திலும் பார்த்தேன்.

பேனாவை எடுத்து ஏதோ ஒரு பக்கம் புள்ளி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை போகவில்லை. தப்பான பக்கம் வைத்தால் நீ சொன்னபடி தப்பாகவே ஒட்டிவிடுவாய். ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். அதுதான் தாங்கவில்லை.

நர்சம்மா வேலை முடிந்து வந்தாள். 'இங்க வாடா. இவனுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?' என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பக்கம் தாத்தா. கண்ணு, மீசை எல்லாம் போட்டிருக்காங்களே' என்றாள். மீசை கூட இருக்கிறதாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். எப்படி இத்தனை நாள் தெருவில் நடந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். 'பழக்கம்' என்றேன். கிரேன்காரர் கதையைச் சொன்னேன். அவர் சர்க்கரை முற்றிய பிறகு வந்தவராக இருக்கும், உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்றார். அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். முதலில் வலது கண். பதினைந்தாம் தேதி.

நீ வர வேண்டாம். நீ வந்து உட்கார்ந்தால் எனக்கு அழுகை வரும், கண்ணில் நீர் படக்கூடாது என்றிருக்கிறார்கள்.

கூலியாள் என் சட்டைப் பையில் இருக்கிறான். புள்ளி வைக்கவில்லை. அவன் இருக்கட்டும்.

நான்


ஜூலை 11

என்னங்க,

வரவில்லை. நீங்கள் வர வேண்டாம் என்றதால் இல்லை. நான் வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கத்தியைக் கழுவினீர்களா என்று கேட்பேன், பேத்திக்கு வேலை போய்விடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பயம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பயமாகத்தான் இருக்கும். ஆனால் எதுவானாலும் உங்கள் வண்டி நிற்காது.

நேற்று மத்தியானம் துண்டை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு அந்த மேசை முன்னால் உட்கார்ந்தேன். மேசை ஓரத்தில் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறேன். பெரிய கோட்டுப் பொத்தானை இழுத்தால் வண்டி நிற்கிற ஊசி எழும்பும். சின்னச் சட்டைப் பொத்தானை இழுத்தால் பங்கர் மூடி திறக்கும். விரலுக்கு எது எதென்று தானாகத் தெரியும். இன்ஜினை மெதுவாக விட்டேன். 'டிக்' என்று சத்தம். சின்னப் பொத்தான். கரி இறங்குகிற சரசரப்பு கேட்கிறது. வேகன் காலியாக இருக்கும்போது ஒரு சத்தம், நிறைய நிறைய அமுங்கிக்கொண்டே போகிறது. அமுங்கியதும் சின்னதை விட்டேன். பெரிய பொத்தானை விட்டேன். அடுத்த வேகன். இப்படியே எல்லா வேகனும். துண்டை அவிழ்த்துப் பார்த்தால் தண்டவாளத்துக்கு வெளியே ஒரு மணி இல்லை.

கரியைக் கழுவினதும் களிம்பு டியூப் சுருட்டினதும் இதற்குத்தான். உங்கள் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கரி அள்ளும்போது சுவரைப் பார்த்து நின்றவனைக் கண்ட அன்றே தெரியும். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, கை வந்தது.

இதோடு ஒட்டின உறையில் ஒரு போட்டோ இருக்கிறது. சின்னவன் எடுத்து, கடையில் போட்டு வாங்கி வந்தான். நம் மேசைதான். கட்டுப் பிரித்து, டாக்டர் பார்க்கலாம் என்று சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தால் நர்சம்மா எனக்குச் சொல்லிவிடுவாள், அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 24

என் வீட்டுக்காரிக்கு,

கீழ்க்கண்ட குறைகளை உடனே சரிசெய்யவும்.

சிக்னல் கம்பம் சாய்ந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஒரு படியைக் காணோம். ஸ்டேஷன் கூரையில் தூசு, அதைப் பெயிண்ட் பிரஷ்ஷால்தான் தட்டுவதாக எழுதியிருந்தாய். மூன்றாவது வேகனில் எழுதின எண் கோணல், அது நான் எழுதியது, இருந்தாலும் கோணல். பங்கர் ஓரத்தில் சிவப்பாக ஒரு இழை தொங்குகிறது, அது உன் தையல் நூல், வெட்டிவிடு. போட்டோவின் மூலையில் மேசைக்கு அடியில் துடைப்பம் தெரிகிறது. தெரிகிறது! துடைப்பத்தின் ஒவ்வொரு குச்சியும் தெரிகிறது!

இதெல்லாம் ஒரு பக்கம். என் மலைக்கு நீலம் அடித்தது யார்? நீலம் என்றால் சாதாரண நீலம் இல்லை, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றினமாதிரி. போட்டோவைப் பார்த்ததும் 'யாருடி இதைப் பண்ணது?' என்று கத்திவிட்டேன். பெரியவள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். நர்சம்மா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். 'தாத்தா, இது நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தது. நாங்க லீவுக்கு வந்தப்போ பார்த்தோம். பாட்டிதான் யாரும் சிரிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க.'

புரை கண்ணுக்குள் மஞ்சளாகப் படிந்திருக்கிறதாம். எதைப் பார்த்தாலும் பழுப்பாகத் தெரிய, நான் சாம்பல் வர வேண்டும் என்று நீலத்தை ஊற்றி ஊற்றிக் கலக்கியிருக்கிறேன். மலையைத் தொடாதே, தொடாதே என்று உனக்கு வேறு மிரட்டல். நீயும் சாம்பல் நிறம் வைத்தபடியே இருக்கிறது என்று எழுதினாய். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை இப்படி ஒரு பொய் எனக்கு யாரும் சொன்னதில்லை.

சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். சிரிப்பிலேயே கொஞ்சம் நீரும் வந்தது, நர்சம்மா பஞ்சை வைத்து ஒற்றி எடுத்தாள், திட்டவில்லை.

அவள் வெள்ளை உடுப்பைப் பார்த்தேன். தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. காலரில் நீ போட்ட தையல் ஒவ்வொன்றும் தெரிகிறது. வெள்ளை அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

சட்டைப் பையிலிருந்து அவனை எடுத்துப் பார்த்தேன். மீசை இருக்கிறது. நல்ல முகம், களைத்த முகம் இல்லை. அவனைச் சுவர் பக்கம் திருப்பினது நான்தான். வரும்போது கொண்டுவருகிறேன்.

துடைப்பத்தின் மேல் போட்ட பழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். துடைப்பத்திடம் சொல்லிவிடு. அதைப் பிடித்தவளிடமும் சொல்லிவிடு. கொண்டை ஊசியைக் கழற்றாதே. ரயில்வேக்கு இல்லாத புத்தி அது.

இடது கண் அடுத்த மாதம். அதுவரை கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள். அது முடிந்தால் வீடு.

உன் குறிக்காரன்


ஜூலை 29

என் குறிக்காரருக்கு,

உங்கள் குறைப் பட்டியலைத் தபால்காரர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். சிக்னல் சாய்ந்திருக்கிறது என்கிற வரியிலேயே வாசல்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 'கெட்ட சேதியாம்மா?' என்றார். 'இல்லீங்க, எங்க வீட்டுக்காரர் குறை சொல்றார்' என்றேன். 'அதுக்கா அழறீங்க? எங்க வீட்ல தினமும்' என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போனார். எத்தனை மாதமாகிவிட்டது, நீங்கள் கண்ணால் பார்த்து ஒரு குறை சொல்லி. கொஞ்ச காலமாகச் சாப்பாட்டில் முடி கிடந்தாலும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நான் ஒரு பைத்தியக்காரி பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கவனியுங்கள். சிக்னலை நிமிர்த்தியாயிற்று. சிவப்பு நூலை வெட்டியாயிற்று. ஏணிப்படியைக் குருவி மேசைக்கு அடியில் படுத்துத் தேடி எடுத்துவிட்டாள், அதிலும் அவளுக்குத்தான் முதல் பரிசு. வேகன் எண் கோணலாகவே இருக்கட்டும், அது உங்கள் கை.

பொய் சொன்னேன் என்கிறீர்கள். 'நீங்கள் வைத்தபடியே இருக்கிறது' என்றுதான் எழுதினேன். வைத்தபடியேதான் இருந்தது. மலையை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். பக்கத்து வீட்டு ஆசிரியை, 'இது எந்த ஊர் மலைங்க, இவ்வளவு நீலமா?' என்று கேட்டாள். 'எங்க வீட்டுக்காரர் மட்டும் பார்த்த மலை' என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து இரண்டு கண்ணாலும் ஒரு தரம் நன்றாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் சாம்பல் அடியுங்கள். பிரஷ்ஷையெல்லாம் கழுவி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு மூலையில் மட்டும், ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு கை அகலம் நீலத்தை விட்டுவையுங்கள். எனக்காக.

அந்தக் கூலியாள் நின்ற இடத்தில் பழைய பசையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறேன். நீங்கள் வந்து நிறுத்துங்கள். கரி விழுகிற பக்கம் பார்க்கட்டும்.

கோபம் தீர்ந்தாயிற்று என்றால் சட்டப்படி இனி போனில் பேசலாம். குருவி போனை என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள். இருந்தாலும் இதை எழுதி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் போனில் கேட்க முடியாத ஒன்று இருக்கிறது.

பின்னறைச் சுவரில், மேசைக்கு மேலே, யார்டில் எடுத்த உங்கள் பழைய போட்டோ மாட்டியிருக்கிறது. பங்கர் பிடியில் கை வைத்துக்கொண்டு, வேகனைப் பார்த்துக்கொண்டு, கேமரா பக்கம் திரும்பாமல் நிற்கிறீர்கள். இத்தனை வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஒன்று வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி டாக்டர் அனுமதித்ததும், நர்சம்மாவை வெள்ளை உடுப்போடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போனில் காட்டினால் கை பட்டு ஓடிப்போகிறது, அது வேண்டாம். கடையில் போட்டு வாங்கி, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்புங்கள். சுவரைப் பார்க்காமல், வேகனைப் பார்க்காமல், நேரே என்னைப் பார்க்கிறமாதிரி நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி